கவூடிலுடன் மெல்பர்னிலிருந்து சிட்னிக்குக் கடலோரமாக: ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

ஜனவரி விடுமுறையில் மெல்பர்னிலிருந்து சிட்னிவரை கடலோரமாகவே காரில் போகிறோம், பத்து நாள், இரண்டு பிள்ளைகள், கூடவே ஐந்து வயது கவூடில் (கவலியர் ஸ்பானியலும் பூடிலும் கலந்த சிறு நாய்). நாயை அனுமதிக்கும் கடற்கரைகளின் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "இல்லையென்றால் அவளை நாய்க் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவதுதான் அவளுக்கு நல்லதா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பட்டியல் எளிதாகக் கிடைத்துவிடும். அழைத்துப் போவது அவளுக்கு நியாயமா, பத்திரமாகத் திரும்புவாளா, அவளுக்காக நீங்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க நேரும் என்பவைதான் யோசிக்க வேண்டியவை. என் பதில், அழைத்துப் போங்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள். புறப்படும் முன்பே உண்ணித் தடுப்பு மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். எந்தெந்த இடங்களைப் பார்க்காமல் கடந்து போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வெயிலில், கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்கக் கூடாது.

நான் கால்நடை மருத்துவர். நியூ சவுத் வேல்ஸின் தென்கரையோர ஊர் ஒன்றில் பல கோடைகாலங்கள் வேலை பார்த்திருக்கிறேன். என் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. கடலில் குதித்து, மணலில் புரண்டு, ஒரு கீறலும் இல்லாமல் வீடு திரும்பிய நாய்கள் என் மேசைக்கு வருவதில்லை. நோயுற்றவற்றையே பார்த்தவன் என்பதால் என் பதிலில் எச்சரிக்கை சற்றுத் தூக்கலாக இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். கடற்கரைகளில் நாய்களுக்கான நேரங்களை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஒவ்வோர் உள்ளாட்சிக் கவுன்சிலும் தனித்தனியாக வைத்திருக்கிறது, அவ்வப்போது மாற்றுகிறது. மணலில் இறங்கும் வழியில் நட்டிருக்கும் பலகைதான் கடைசிச் சொல். வொல்லங்காங் கவுன்சில் கடற்கரைகளை நிறத்தால் பிரித்திருக்கிறது: பச்சை என்றால் நாயை அவிழ்த்துவிடலாம், ஆரஞ்சு என்றால் குறிப்பிட்ட நேரம் மட்டும், சிவப்பு என்றால் கூடவே கூடாது. எல்லா ஊரிலும் இவ்வளவு தெளிவு கிடையாது. ஒரே கடற்கரையின் வடக்கு முனைக்கு ஒரு விதியும் தெற்கு முனைக்கு வேறு விதியும் இருப்பது சாதாரணம்.

பாதையை முதலில் பார்ப்போம். உள்நாட்டு வழியான ஹியூம் நெடுஞ்சாலையில் மெல்பர்ன்–சிட்னி ஏறத்தாழ 880 கிலோமீட்டர். கடலோரம் ஒட்டிப் போகும் பிரின்சஸ் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,040. தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும். ஆனால் கடலோரப் பாதையின் அழகான பகுதிகளில் பெரும்பங்கு தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கிறது. அங்கே உதவி நாய்கள் தவிர வேறு நாய்களுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, இடமில்லை. வில்சன்ஸ் புரொமொன்டரிக்குள் காரை விட்டு இறக்காமல் வைத்திருந்தாலும் நாயைக் கொண்டுபோகக் கூடாது. மல்லகூட்டா ஊரைச் சூழ்ந்திருக்கும் குரோஜிங்கோலாங், கங்காருகள் புல்வெளியில் மேய்ந்துகொண்டே மணல்வரை வரும் பெப்லி பீச் அடங்கிய முராமராங், ஜெர்விஸ் பேயின் தென்பக்கத்தில் இருக்கும் பூடரி, சிட்னி வாசலில் உள்ள ராயல் தேசியப் பூங்கா எல்லாவற்றிலும் இதே கதைதான். வெண்மணலுக்குப் பெயர்போன ஹயாம்ஸ் பீச் பூங்காவுக்கு வெளியே இருந்தும் அங்கேயும் நாய்க்கு அனுமதி இல்லை. பிலிப் தீவில் மாலையில் பென்குயின்கள் கரையேறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் அங்கேயும் அவள் வரமுடியாது. அந்தத் தீவில் நரிகளை முற்றிலும் ஒழித்துவிட்டதாக 2017-இல்தான் அறிவிக்க முடிந்தது. பறக்கத் தெரியாத அந்தச் சிறு பறவைக் கூட்டத்துக்குள் ஒரு நாய் ஒரே இரவில் செய்யக்கூடிய சேதம் மிகப் பெரியது. இந்தத் தடைகளை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆகவே உங்கள் முன் இருக்கும் சிக்கல், நாயை எங்கே அனுமதிப்பார்கள் என்பதைவிட, அனுமதிக்காத இடங்களை நீங்கள் பார்க்கும்போது அவள் எங்கே இருப்பாள் என்பதுதான். "காரிலேயே விட்டுவிட்டு அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்" என்ற எண்ணம் ஜனவரியில் வரவே கூடாது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதாலும் நிழலில் நிறுத்துவதாலும் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. மூடிய காரில் அதன் மூச்சே காற்றை ஈரமாக்கிவிடுவதால் அந்த வழியும் அடைபடுகிறது. விக்டோரியாவில் வெளியே 28 டிகிரி அல்லது அதற்கு மேல் இருக்கும்போது விலங்கை ஆளில்லாத வாகனத்தில் 10 நிமிடத்துக்கு மேல் விடுவது சட்டப்படியே குற்றம். எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸுக்குள் வந்தால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பொருந்தும்.

வெப்பத் தாக்கு வந்துவிட்டால் அறிகுறிகள் இவை: நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியாக வழியும் எச்சில், செங்கல் நிறத்தில் சிவந்த ஈறு, தள்ளாட்டம். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் தோல் நனையும்படி ஊற்றுங்கள். ஏசி காற்றோ விசிறிக் காற்றோ படச் செய்யுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த அபாயம் பல மடங்கு; உங்களிடம் அப்படியொன்று இருந்திருந்தால் ஜனவரிப் பயணமே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

இனி உண்ணி. இந்தப் பதிலில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மெல்பர்னில் வளர்ந்த நாய்களின் உரிமையாளர்களில் பலருக்கு இந்த ஆபத்து தெரியாது. உள்ளூரில் அது கிடையாது என்பதே காரணம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாக, வட குவீன்ஸ்லாந்திலிருந்து விக்டோரியாவின் கிழக்கு மூலைவரை, கடலை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் பக்கவாத உண்ணி வாழ்கிறது. நீங்கள் கிழக்கு விக்டோரியாவின் லேக்ஸ் என்ட்ரன்ஸ் ஊரைத் தாண்டிய பிறகு சிட்னிவரை ஏறக்குறைய முழுப் பயணமும் அந்தப் பட்டைக்குள்தான். பேண்டிகூட், போசம் போன்ற காட்டு விலங்குகளின் மேல் அது இயல்பாக வாழ்கிறது. அவற்றுக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. நாயின் மேல் ஒரே ஒரு பெண் உண்ணி ஏறிச் சில நாள் இரத்தம் உறிஞ்சினால் போதும். அதன் எச்சிலில் உள்ள நஞ்சு, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் துண்டிக்கிறது. வசந்த காலமும் கோடையின் முற்பகுதியும் உச்சப் பருவம். ஆனால் ஆண்டின் எந்த மாதத்திலும் நோயாளிகள் வந்திருக்கிறார்கள். ஜனவரியில் தாராளமாகவே வருவார்கள்.

அறிகுறி உடனே தெரியாது. உண்ணி கடித்து மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே பெரும்பாலும் தொடங்கும். குரைக்கும் குரல் மாறுகிறது என்பது பலர் கவனிக்கத் தவறும் முதல் அடையாளம். பிறகு பின்னங்கால்கள் தளரும், காரில் ஏறத் தயங்குவாள், படியில் வழுக்குவாள். சாப்பிட்டதைக் கக்குவாள், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் செருமுவாள். அடுத்து மூச்சு சிரமப்படும். மூச்சை வெளியே விடும்போது முனகல் சத்தம் கேட்கும். இந்த வரிசை எல்லா நாயிடமும் அப்படியே வருவதில்லை. சிலவற்றில் கால்கள் நன்றாக இருக்க, மூச்சு மட்டும் கெடுவதைப் பார்த்திருக்கிறேன். இவற்றில் எதைக் கண்டாலும் உணவும் தண்ணீரும் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும் என்பதால் அது நுரையீரலுக்குள் போகும். அவளை அமைதியாக, குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். உண்ணியைப் பிடுங்கிவிட்டோமே, காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பிடுங்கிய பிறகும் ஓரிரு நாள் நிலைமை மோசமாகிக்கொண்டே போகும். எதிர்நச்சு மருந்து உண்டு. ஆனால் அது இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைத்தான் பிடிக்கும், நரம்பில் ஏற்கெனவே ஒட்டியதைப் பிடிக்காது. சீக்கிரம் வந்தால்தான் பயன் என்று நாங்கள் விடாமல் சொல்வது அதனால்தான். மோசமான நோயாளிக்கு ஆக்சிஜன், சில சமயம் செயற்கை சுவாசம்வரை தேவைப்படும். செலவு பல ஆயிரம் டாலருக்குப் போய்விடும். காப்பீடு வைத்திருந்தால் உண்ணி வாதத்துக்கு அதில் தனி உச்சவரம்போ காத்திருப்புக் காலமோ இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தடுப்பது இதைவிட மிக எளிது. உண்ணியைக் கொல்லும் ஐசோக்சஸோலின் வகை மருந்துகள் வந்த பிறகு எங்கள் வேலையே மாறிவிட்டது என்று சொல்லலாம். மாதம் ஒரு முறை கொடுப்பது, சில மாதங்களுக்கு ஒரு முறை கொடுப்பது என்று மெல்லும் மாத்திரையாகவே கிடைக்கின்றன. வாங்கும்போது அட்டையில் "பக்கவாத உண்ணி" என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தெள்ளுப்பூச்சிக்கு மட்டுமான மருந்துகளும் அதே அலமாரியில் இருக்கும். மாத்திரை என்றால் கடலில் நீந்துவதாலோ குளிப்பாட்டுவதாலோ அதன் வலிமை குறையாது. தோலில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றுக்கும் கழுத்துப்பட்டைக்கும் அந்த உறுதியைத் தரமுடியாது. புறப்படுவதற்கு ஓரிரு வாரம் முன்பே கொடுத்துவிட்டால், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் உங்கள் மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். அவளுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகை மருந்து அத்தகைய நாய்களுக்கு யோசித்துத்தான் தரப்படும். பூண்டு, எண்ணெய் வகைகள் என்று இயற்கை மருந்துகள் பலவற்றைப் பரிந்துரைப்பார்கள். பக்கவாத உண்ணிக்கு எதிராக அவற்றை நம்ப வேண்டாம். பூண்டோ நாய்க்கு நஞ்சு.

மருந்து கொடுத்திருந்தாலும் தினமும் ஒருமுறை விரல்களால் தேட வேண்டும். உண்ணி கடித்து, மருந்து கலந்த இரத்தத்தைக் குடித்த பிறகுதான் சாகும்; எந்த மருந்தும் நூற்றுக்கு நூறு கிடையாது. கவூடிலின் சுருள் முடியில் கண்ணால் தேடிப் பயனில்லை. பயணத்துக்கு முன் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலை உங்கள் தேடலைப் பாதியாகக் குறைக்கும். மூக்கு நுனியில் தொடங்கி, உதடு, இமை, காதின் உட்புறம், கழுத்துப்பட்டையைக் கழற்றி அதன் அடி, மார்பு, அக்குள், விரலிடுக்கு, வாலின் அடி என்று விரல் நுனியால் தோலை அழுத்தி நகருங்கள். பெரும்பாலான உண்ணிகள் தலையிலும் கழுத்திலும் தோளிலும்தான் இருக்கும். ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் நிறுத்திவிடாதீர்கள், இன்னொன்றும் இருக்கலாம். எடுப்பதற்கு உண்ணிக் கொக்கி என்று சிறிய கருவி எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் விற்கும். தோலை ஒட்டிப் பிடித்து இழுங்கள், உடலை நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். மாலையில் அவளைத் தேடும்போது பிள்ளைகளின் காது மடலையும் தலைமுடியையும் பார்த்துவிடுங்கள். மனிதருக்கு வழிமுறை வேறு: உண்ணியைப் பிடுங்காமல், மருந்துக்கடையில் கிடைக்கும் உறையவைக்கும் ஸ்பிரே அடித்து இருந்த இடத்திலேயே கொல்வதைத்தான் ஆஸ்திரேலிய ஒவ்வாமை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இந்த உண்ணிக் கடியால் இறைச்சி ஒவ்வாமை வந்தவர்கள் சிட்னிக் கரையோரத்தில் கணிசமாக இருக்கிறார்கள்.

கடற்கரைக்கு வருவோம், அவள் மிகவும் மகிழப்போகும் இடம் அதுதான். முதல் பகை கடல்நீரே. பந்தை அலைக்குள் எறிந்து விளையாடும்போது ஒவ்வொரு கவ்வலுக்கும் ஒரு வாய் உப்புநீர் உள்ளே போகிறது. கொஞ்சமாக இருந்தால் வயிற்றுப்போக்கோடு போய்விடும். அதிகமானால் இரத்தத்தில் உப்பு ஏறி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்புவரை போகும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்து உட்காரவைத்து நல்ல தண்ணீர் கொடுங்கள்; பெரிய புட்டியும் மடக்குக் கிண்ணமும் எப்போதும் கையில் இருக்கட்டும். ஈரமணலில் புதைந்த பந்தைத் தோண்டிக் கவ்வும் நாய் நிறைய மணலை விழுங்கும், அது குடலில் அடைத்துக்கொள்ளும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மீன்களை அவள் முகரும் முன் நீங்கள் பார்த்துவிட வேண்டும். மீனவர்கள் தூண்டிலிலிருந்து கழற்றி மணலில் எறிந்துவிடும் சிறு பேத்தை மீன்கள் இந்தக் கரை முழுவதும் உண்டு. அவற்றின் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. உடல் அதைக் கழிக்கும்வரை மூச்சைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. படகுத்துறைப் பக்கம் தூண்டில் முள் ஆபத்து. இரையோடு முள்ளை விழுங்கிவிட்டால், வாயில் தொங்கும் தூண்டில் நரம்பை இழுக்காதீர்கள், ஒட்ட வெட்டியும் விடாதீர்கள். கழுத்துப்பட்டையில் சுற்றிக் கட்டிக்கொண்டு நேராக வாருங்கள். அந்த நரம்பு எங்களுக்கு வழிகாட்டும்.

மணலில் உங்கள் நாயால் மற்றவற்றுக்கு நேரும் ஆபத்தையும் சொல்லாவிட்டால் பதில் நேர்மையாக இருக்காது. விக்டோரியாவின் கடற்கரைகளிலும் நியூ சவுத் வேல்ஸின் தென்கோடியிலும் ஹூடட் பிளவர் என்ற கருந்தலைச் சிறு பறவை, கூடு எதுவும் கட்டாமல், அலைக்கு மேலே வெறும் மணலில் முட்டையிடும். இனப்பெருக்கக் காலம் ஏறத்தாழ ஆகஸ்டிலிருந்து மார்ச்வரை, அதாவது உங்கள் விடுமுறையும் அதற்குள்தான். முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். குஞ்சுகளுக்கு ஐந்து வாரம்போலப் பறக்க முடியாது. நாய் கடிக்கக்கூட வேண்டாம். அருகில் ஓடினாலே தாய்ப்பறவை எழுந்துவிடும், திறந்து கிடக்கும் முட்டை வெயிலில் வெந்துவிடும். கயிறு கட்டி வேலியும் பலகையும் வைத்திருக்கும் இடத்தில் அவளைக் கயிற்றில் பிடித்து, அலை நனைக்கும் ஈரமணல் ஓரமாகவே நடத்திக் கடந்து போங்கள். இந்தப் பறவைகளுக்காகத் தன்னார்வலர்கள் கோடை முழுதும் கரையில் நிற்கிறார்கள்; அவர்களில் யாராவது உங்களிடம் வந்து பேசினால் தயவுசெய்து காது கொடுங்கள்.

பூங்காக்களுக்கு மாற்றாக மாநில வனங்களைப் பலர் சொல்வார்கள். உண்மைதான், இரண்டு மாநிலங்களிலும் பெரும்பாலான மாநில வனங்களில் நாய்க்கு அனுமதி உண்டு. விக்டோரியாவின் கிழக்கு கிப்ஸ்லாந்துப் பகுதியில் உள்ள உயர்ந்த யூகலிப்டஸ் காடுகள் மெய்மறக்க வைக்கும். ஆனால் அங்கே 1080 என்ற நஞ்சு கலந்த இறைச்சித் துண்டுகளை நரிக்கும் காட்டு நாய்க்குமாக வைத்திருப்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இயற்கையாகவே இருக்கும் நஞ்சு இது. அங்குள்ள காட்டு விலங்குகள் பல அதைத் தாங்கும். நாய் இனம் சிறிதும் தாங்காது. மாற்று மருந்தும் இல்லை. தின்று சில மணி நேரத்தில் வெறிகொண்டு ஓடி, ஊளையிட்டு, வலிப்பில் விழும், பார்த்தவர் மறக்கமாட்டார். நஞ்சால் செத்த நரியின் உடலைத் தின்றாலும் இதே கதி. வாயிலில் நஞ்சு எச்சரிக்கைப் பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள். பலகை இல்லாத காட்டிலும் கயிற்றை விடாதீர்கள்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக. புலிப்பாம்பு, சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பு, பழுப்புப் பாம்பு மூன்றும் இந்தப் பாதையில் உண்டு. மணல்மேட்டுப் புல்லும் ஏரியோரப் புதரும் அவற்றின் இடம். கடிபட்ட நாய் சட்டென்று விழுந்து, சில நிமிடத்தில் எழுந்து நன்றாக இருப்பதுபோல் நடக்கும். அதை நம்பி நின்றுவிடாதீர்கள். அப்படி விழுந்து எழுவதே ஆபத்தான அளவு விஷம் ஏறியதன் அடையாளம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், போகும்போதே தொலைபேசியில் சொல்லுங்கள். எல்லா மருத்துவமனையிலும் விஷமுறிவு மருந்து இருப்பு இருக்காது. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயலாதீர்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. அவ்வளவு உறுதியில்லாமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் 2019 முதல் சிட்னி நாய்களிடம் காணப்பட்டது, பிறகு தென்கரையோரத்திலும் தலைகாட்டியது. தடுப்பூசி உண்டு, சில வார இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டும். ஆகவே கிறிஸ்துமஸ் வாரத்தில் கேட்டுப் பயனில்லை. ஆனால் இந்தக் கிருமியில் பல வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்கான ஊசி மற்றவற்றை எந்த அளவு தடுக்கும் என்பது விவாதத்தில் இருக்கும் விஷயம். என் நாயாக இருந்தால் போட்டிருப்பேன். நோயின் தீவிரத்தை வைத்து நான் எடுக்கும் முடிவு அது, முழுப் பாதுகாப்பு என்ற உறுதியில் எடுப்பது அல்ல. உங்கள் மருத்துவர் வேறு முடிவு சொன்னால் அதிலும் நியாயம் இருக்கலாம்.

காரில் அவள் இடம் பின்னிருக்கைதான், மார்புக்கச்சை போட்டு இருக்கை வாரில் மாட்டி, அல்லது நன்றாகக் கட்டிய கூண்டில். கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். ஓட்டுநர் மடியில் நாய் உட்காருவது சாலை விதிப்படி தவறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். குமட்டல் இருந்தால், புறப்படும் முன் வயிறு முட்ட உணவு கொடுக்காதீர்கள். தூக்கம் வராமல் குமட்டலை மட்டும் நிறுத்தும் நல்ல மாத்திரை மருத்துவரிடம் கிடைக்கும். நம் வீட்டு உணவில் மிஞ்சியதைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் பயணத்திலாவது நிறுத்துங்கள். சாம்பாரிலும் பிரியாணியிலும் வெங்காயம் பூண்டு, பாயசத்தில் உலர்திராட்சை, மூன்றும் நாய்க்கு நஞ்சு. கேரவன் பார்க்கின் (கேரவன் வண்டியோ கூடாரமோ போட்டுத் தங்கும் இடம்) பொது அடுப்படிதான் இன்னொரு பொறி. வெந்த எலும்பு, கொழுப்பு, கபாப் குச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக மக்காச்சோளத் தண்டு. அந்தத் தண்டு குடலில் சிக்கி அறுவை சிகிச்சைக்கு வந்த நாய்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு.

புறப்படும் முன், அவள் தோலுக்கடியில் உள்ள அடையாள மைக்ரோசிப்புக்கான பதிவேட்டில் உங்கள் தொலைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் தன் நாய்களுக்குத் தனியாக அரசுப் பதிவேடு வைத்திருக்கிறது, மற்ற மாநிலங்களில் பல தனியார் பதிவேடுகள்; தேடுபவர் எது எதைப் பார்க்க வேண்டும் என்று குழம்புவது நடக்கும். ஆகவே கழுத்தில் எண் பொறித்த தகடும் தொங்கட்டும். ஈடனிலிருந்து ஆர்போஸ்ட் வரையிலான 200 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த காட்டுப் பாதையில் தொலைபேசி இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை கிடைப்பது அரிது. ஒவ்வோர் இரவும் தங்கப்போகும் ஊருக்கு அருகில் அவசர சிகிச்சை எங்கே உண்டு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுத்தீயையும் மறக்க வேண்டாம். 2019 டிசம்பர் 31 அன்று மல்லகூட்டாவைத் தீ சூழ்ந்தபோது சாலைகள் அடைபட்டு, பிறகு கடற்படைக் கப்பலில் மக்களை ஏற்றினார்கள். அவர்களோடு நாய்களும் ஏறின. இரு மாநிலங்களின் அவசர அறிவிப்புச் செயலிகளையும் தொலைபேசியில் வைத்திருங்கள். அவளுக்கான கயிறு, மருந்து, தடுப்பூசிச் சான்று மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.

எப்படிப் பிரித்துக்கொள்வது என்று கேட்டால், இடங்களைக் குறைத்து இரவுகளைக் கூட்டுங்கள் என்பேன். லேக்ஸ் என்ட்ரன்ஸில் இரண்டு இரவு, மெரிம்புலா அல்லது பெர்மகுயி பக்கம் மூன்று, ஜெர்விஸ் பேக்கு வடக்கே கயாமா சுற்றுப்புறத்தில் இரண்டு. மீதி சிட்னிக்கு, அங்கே மோஸ்மனில் சிரியஸ் கோவ் என்ற சிறு துறைமுகக் கடற்கரையில் குறிப்பிட்ட நேரங்களில் நாய்களை அவிழ்த்துவிடலாம். வேலி போட்ட முற்றம் உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். கேரவன் பார்க்குகளில் பல, கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரிக் கடைசிவரை நாய்களை ஏற்பதில்லை. இணையத்தில் "நாய்க்கு அனுமதி" என்று போட்டிருந்தாலும் உங்கள் தேதியைச் சொல்லித் தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். வில்சன்ஸ் புரொமொன்டரியை இந்த முறை விட்டுவிடுங்கள். பெப்லி பீச்சுக்குப் பிள்ளைகளோடு ஒருவர் போகட்டும், மற்றவர் பேட்மன்ஸ் பேயில் அவளோடு நடக்கட்டும். பென்குயின்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதை மட்டும் வேறொரு வார இறுதியில், அவளை நண்பர் வீட்டில் விட்டுவிட்டுப் பார்த்து வாருங்கள். மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும், பூங்காக்களில் நீண்ட நடை போவதுதான் உங்கள் குடும்பத்தின் ஆசை என்று தெரிந்தால், காப்பகம்தான் சரி. நல்ல காப்பகத்தில் பத்து நாள் இருப்பதால் அவள் உங்களை வெறுத்துவிடமாட்டாள். பழக்கமில்லாத வீட்டில் பகலெல்லாம் தனியாகப் பூட்டிவைக்கப்படுவது அதைவிடக் கொடியது. ஜனவரிக்குக் காப்பகங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும் என்பதால் முடிவை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

சிட்னியிலிருந்து ஹியூம் வழியாக ஒரே நாளில் திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வீடு வந்து சேர்ந்த பிறகும் ஒரு வாரம் தினமும் அந்த விரல் தேடலை விடாதீர்கள். சிட்னியில் கடைசி நாள் ஏறிய உண்ணியின் வேலை மெல்பர்னில்தான் தெரியும். அந்த நாள்களில் அவள் குரல் மாறினாலோ கால் தளர்ந்தாலோ கக்கினாலோ, மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்யும்போது அறிகுறியைச் சொல்லும் முன்பே, கிழக்குக் கரையோரத்திலிருந்து இப்போதுதான் வந்தோம் என்று சொல்லுங்கள். உள்ளூரில் இல்லாத நோய் என்பதால் அங்கே அது முதலில் நினைவுக்கு வராமல் போகலாம், எதிர்நச்சு மருந்தும் வேறிடத்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம்.